வோல்ட்டுக்கு முன்னாடி ஒரு குமிழி

லேப்ல மல்டிமீட்டரைக் கையில எடுத்ததும் முதல்ல என்ன செய்வீங்க? டயலைத் திருப்பி வோல்ட் பக்கம் வைப்பீங்க. 230 வோல்ட், 12 வோல்ட், 1.5 வோல்ட் என்று நாலு வருஷமும் அந்தப் பெயரை எழுதி எழுதியே ரெக்கார்ட் நோட் நிரம்பிவிடும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அலெஸாண்ட்ரோ வோல்டா. பேட்டரியைக் கண்டுபிடித்தவர். இது ஸ்கூல்லயே படிச்சதுதான்.

ஆனா அந்தப் பேட்டரிக்கு 23 வருஷத்துக்கு முன்னாடி அதே மனுஷன் ஒரு ஏரியில படகுல உட்கார்ந்து, குச்சியை விட்டுச் சேற்றைக் கிளறிக்கிட்டு இருந்தார். அது தெரியுமா? அவர் ஏன் கிளறினார், என்ன கிடைத்தது, அதற்கும் நம்ம கள்ளக்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிப்போம். கல்வராயன் மலையில பெய்யிற மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் கீழே இறங்குது. அணையில தேங்கி, வாய்க்கால் வழியா ஏரிக்கு வந்து, மதகு வழியா வயலுக்குப் போகுது. தண்ணி நிற்கிற நெல் வயல்ல இறங்கி நடந்திருக்கீங்களா? கால் வைக்கிற ஒவ்வொரு இடத்திலயும் சேற்றுக்குள்ள இருந்து பொளபொளன்னு குமிழி கிளம்பும். ஏரி ஓரத்துல கோரை முளைச்ச இடத்துல ஒரு கம்பை ஊன்றினாலும் இதேதான். இருட்டினதுக்கு அப்புறம் ஏரிக்கரைப் பக்கம் போகாதே, கொள்ளிவாய்ப் பிசாசு வாயைத் திறந்து நெருப்பு காட்டும் என்று பாட்டி மிரட்டாத வீடும் கிடையாது.

குமிழி ஒரு பக்கம், நெருப்புப் பிசாசு ஒரு பக்கம். இந்த ரெண்டையும் ஒரே பாட்டிலுக்குள்ள பிடிச்சவர்தான் வோல்டா.

பேசாத பையன்

1745 பிப்ரவரி 18 அன்று வட இத்தாலியில் கோமோ என்ற ஊரில் வோல்டா பிறந்தார். அதுவும் மலையடிவாரத்து ஊர்தான். மேலே ஆல்ப்ஸ், கீழே பெரிய ஏரி. அன்றைக்கு இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது. கோமோ ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. பிரபுக் குடும்பம்தான், ஆனால் கையில் பெரிய காசு இல்லை. பையனுக்கு நாலு வயசு வரை பேச்சே வரவில்லை என்றும், புத்தி மட்டம் என்று வீட்டில் பயந்தார்கள் என்றும் சொல்வார்கள். ஏழு வயசு ஆகும்போது அப்பா போய்விட்டார். வளர்த்தது உறவுக்காரர்கள்.

அடுத்து வருவது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. படிப்பில் பையன் கெட்டிக்காரன் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு திட்டம் போட்டார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த பாதிரியார்கள் அவனைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள். சித்தப்பா அதைத் தடுத்தார்; அவருக்குப் பையன் வக்கீலாக வேண்டும். பையனுக்கோ மின்சாரம். அன்றைய மின்சாரம் என்றால் கம்பளித் துணியில் தேய்த்தால் பொறி வருகிற வேடிக்கை விளையாட்டு. அதை வைத்து யாருக்குச் சோறு கிடைக்கும்?

கட்டோனி என்ற நண்பன் தன் வீட்டில் இடம் கொடுத்தான். கருவி வாங்கவும் உதவினான். அங்கே உட்கார்ந்து தானாகவே படித்து, தானாகவே சோதனை செய்து, பதினெட்டு வயசிலேயே பாரிஸில் இருந்த நோலே போன்ற பெரிய மின் அறிஞர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார் வோல்டா. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. 1769-ல் முதல் ஆய்வுரை வெளிவந்தது. 1774-ல் கோமோவின் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. 1775-ல், ஒருமுறை மின்னேற்றினால் திரும்பத் திரும்ப மின்னூட்டம் எடுக்கக்கூடிய எலெக்ட்ரோஃபோரஸ் என்ற கருவியை மேம்படுத்திக் காட்டினார். பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

மின்சாரத்தில் பெயர் வாங்கிய ஆள் அடுத்த வருஷமே ஏரிக்குள் இறங்கியதுதான் ஆச்சரியம்.

1776 நவம்பர்

அந்தக் காலத்தில் எரிகிற காற்று என்றாலே ஆய்வகத்தில் உலோகத்தை அமிலத்தில் போட்டு எடுப்பதுதான். இன்றைக்கு நாம் ஹைட்ரஜன் என்று சொல்வது. ஆனால் அமெரிக்காவில் சில ஆறுகளின் மேல் தீயைக் காட்டினால் தண்ணீர் பற்றிக்கொண்டதாக பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதியிருந்தார். வோல்டாவின் நண்பரான கம்பி என்ற பாதிரியாரும் ஒரு ஊற்றில் எரிகிற காற்று வருவதைப் பார்த்துச் சொன்னார். ஊற்றில் வந்தால் குளத்திலும் வருமா, சேற்றிலும் வருமா?

நவம்பர் மாதத் தொடக்கத்தில் மஜ்ஜோரே ஏரியில், ஆஞ்செரா என்ற ஊர்ப் பக்கம், நாணல் மண்டிய ஓரமாகப் படகை விட்டார். குச்சியால் சேற்றைக் கிளறினார். குமிழிகள் கிளம்பின. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, வாயில் புனலைச் செருகி, குமிழிகளை உள்ளே வாங்கினார். தண்ணீர் இறங்கி, காற்று மேலே ஏறியது. செலவு என்று பார்த்தால் ஒரு பாட்டில், ஒரு புனல், ஒரு குச்சி.

பிடித்ததை எரித்தார். நீல நிறத்தில் மெதுவாக எரிந்தது. இத்தோடு விட்டிருந்தால் அது வேடிக்கை. அவர் விடவில்லை, அளந்தார். உலோகத்தில் இருந்து வரும் காற்று முழுசாக எரிய எவ்வளவு சாதாரணக் காற்று வேண்டும், சேற்றுக் காற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒப்பிட்டார். சேற்றுக் காற்றுக்குப் பல மடங்கு அதிகம் தேவைப்பட்டது. அப்படியென்றால் இது வேறு வாயு. வெவ்வேறு குளம், குட்டை, பள்ளம் என்று போய்ப் பார்த்தார். செடி கொடி அழுகிக் கிடக்கிற இடத்தில்தான் அது வருகிறது என்றும் கண்டுகொண்டார். இதையெல்லாம் கம்பிக்குக் கடிதங்களாக எழுதி 1777-ல் புத்தகமாகவே வெளியிட்டார். இரவில் சதுப்பில் தெரியும் நெருப்பும் இந்தக் காற்றுதான், மின்னல் மாதிரி ஏதோ ஒன்று அதைப் பற்றவைக்கிறது என்று அவர் நினைத்தார். எது பற்றவைக்கிறது என்பதில் இன்றைக்கும் விவாதம் இருக்கிறது. ஆனால் கொள்ளிவாய்ப் பிசாசுக்குப் பாட்டில் போட்ட முதல் ஆட்களில் இவரும் ஒருவர் என்பதில் சந்தேகம் இல்லை.

அந்த வாயுவுக்கு இன்றைக்குப் பெயர் மீத்தேன். மெத்தனால் வேறு, மீத்தேன் வேறு. 2024 ஜூனுக்கு அப்புறம் அந்த முதல் பெயரை நம்ம ஊர்ல யாரும் சாதாரணமா உச்சரிக்கிறது இல்ல. அதனால இதைச் சொல்லிவிட்டே நகர்கிறேன்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு தகவல். இந்தக் காற்றை ஒரு குழாயில் அடைத்து, மின்பொறியால் வெடிக்க வைத்து, தக்கையைப் பறக்கவிட்டார் வோல்டா. அதற்கு மின் துப்பாக்கி என்று பெயர். உங்க பைக்ல இருக்கிற ஸ்பார்க் பிளக்குக்கு அது ஒரு தாத்தா. கோமோவில் இருந்து மிலான் வரை மரக்கம்பங்களில் கம்பி இழுத்து, இங்கே பொறி கொடுத்தால் அங்கே துப்பாக்கி வெடிக்குமே என்றும் யோசித்தார். தந்தி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னாடி.

தவளையும் தகடும்

1778-ல் பாவியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. பட்டம் வாங்காத மனிதர் ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கே பேராசிரியர். பாவியா எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? சுற்றிலும் நெல் வயல். இத்தாலியின் அரிசிக் களஞ்சியம் என்றால் அந்தச் சமவெளிதான். 1782-ல் பாரிஸ் போய் லவாய்சியே, லாப்ளாஸ் ரெண்டு பேரோடும் சேர்ந்து நீராவியில் மின்சாரம் உண்டா என்று ஆராய்ந்தார். ஆமாம், லாப்ளாஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்று மூணாவது செமஸ்டர்ல நம்மைத் திணறடிக்கிற அதே லாப்ளாஸ்.

1791-ல் கல்வானி, செத்த தவளையின் கால் உலோகம் பட்டதும் துடிப்பதைப் பார்த்து, உயிருக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று எழுதினார். வோல்டா முதலில் நம்பினார், பிறகு சந்தேகப்பட்டார். மின்சாரம் தவளையில் இல்லை, தொட்ட ரெண்டு உலோகங்களில் இருக்கிறது என்றார். வருஷக்கணக்கில் விவாதம் நடந்தது. நிரூபிக்க வேண்டும் என்பதற்காகவே தவளையை எடுத்துவிட்டு, துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார். 1799 முடிகிற நேரத்தில் அந்த அடுக்கில் இருந்து நிற்காமல் மின்சாரம் வந்தது. 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் போனது. 1801-ல் நெப்போலியன் முன்னாடியே செய்து காட்டினார். பதவி, பணம், பிரபுப் பட்டம் எல்லாம் வந்தன.

இங்கே ஒரு முரண் உண்டு. பேட்டரி ஏன் வேலை செய்கிறது என்பதில் வோல்டா தவறினார். ரெண்டு உலோகம் தொட்டாலே போதும் என்று நம்பினார். தகடு அரித்துப்போவதைப் பக்க விளைவாக நினைத்தார். உண்மையில் அந்த வேதிவினைதான் மின்சாரமே. சேற்றில் அழுகுகிற இலைக்கும் வாயுவுக்கும் தொடர்பைப் பிடித்தவர், தன் கையில் அரித்துக்கொண்டிருந்த தகட்டைக் கவனிக்கவில்லை. பெரிய ஆட்களும் தப்பு பண்ணுவாங்க. அளவெடுத்து எழுதி வைத்திருந்தால், பின்னால் வருகிறவர்கள் திருத்திக்கொள்வார்கள்.

1794-ல் கல்யாணம், மூணு பையன்கள். அதில் ஃபிளாமினியோ 1814-ல் சின்ன வயசிலேயே இறந்துபோனான். அந்த அடி பெரிய அடி. 1819-ல் வேலையை விட்டுவிட்டு கோமோ பக்கத்துக் கிராமத்துக்கே திரும்பினார். 1827 மார்ச் 5 அன்று, 82 வயசில் காலமானார். அதே நாளில் பாரிஸில் லாப்ளாஸும் காலமானார். 1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு வோல்ட் என்ற அலகை ஏற்றுக்கொண்டது. அவருடைய பேட்டரிக்கு உலகம் கொடுத்த மரியாதை அது. குமிழிக்கு அப்படி எந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

அவர் கேட்காத கேள்வி

இந்தக் குமிழி எங்கிருந்து வருகிறது என்று வோல்டா கேட்டார். அது எங்கே போகிறது என்று கேட்க அன்றைக்கு அவசியம் இல்லை. இன்றைக்கு ஈரநிலங்களின் கார்பன் சுழற்சி என்று தலைப்பு வைத்து பி.எச்டி. செய்கிறவர்கள் கேட்பது அதைத்தான்.

விஷயம் சிக்கலானது இல்லை. செடி காற்றில் இருந்து கார்பனை எடுத்து வளருது. செத்து விழுந்து சேற்றுக்குள்ள போகுது. தண்ணிக்குள்ள ஆக்ஸிஜன் இறங்குவது ரொம்ப மெதுவாக நடப்பதால், அது முழுசா மக்காது. அதனால் ஈரநிலம் கார்பனுக்கு ஒரு உண்டியல். உலகத்தின் நிலப்பரப்பில் சுமார் 6 சதவீதம்தான் ஈரநிலம். ஆனால் மண்ணில் இருக்கிற கார்பனில் மூன்றில் ஒரு பங்கு வரை அங்கே கிடக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த உண்டியலில் ஓட்டையும் உண்டு. ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. சாண எரிவாயுக் கலத்துக்குள்ள நடக்கிற அதே வேலை. நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் கிட்டத்தட்ட 28 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். வோல்டா காலத்தில் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 0.7 பங்கு மீத்தேன் இருந்தது. இன்றைக்கு 1.9 பங்கைத் தாண்டிவிட்டது. எரிபொருள், மாடு, குப்பைமேடு, நெல் வயல் என்று மனிதப் பங்கு பெரியது. இயற்கையில் மிகப்பெரிய ஊற்று ஈரநிலம். சூடு ஏற ஏற இந்த நுண்ணுயிர்கள் வேகமா வேலை செய்யும். வேகமா வேலை செய்தால் இன்னும் சூடு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது பாசிட்டிவ் ஃபீட்பேக் என்று புரிந்திருக்கும்.

நம்ம நாட்டில் இதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்காதீங்க. 1913-லேயே கோயம்புத்தூரில் அரசு விவசாய வேதியியலாளர் ஹாரிசனும், பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் நெல் வயல் சேற்றின் வாயுக்களைப் பிடித்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். சேற்றுக்குள் இருப்பதில் பெரும்பகுதி மீத்தேனும் நைட்ரஜனும். மேலே மண்ணில் படியும் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த மெல்லிய படலம் அந்த மீத்தேனை ஆக்ஸிஜனோடு சேர்த்துச் செரித்துவிடுகிறது என்றும் கண்டார்கள். அதாவது உண்டியலின் ஓட்டைக்கு இயற்கையே ஒரு மூடி வைத்திருக்கிறது.

அடுத்த கதைதான் முக்கியம். 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு கணக்குச் சொன்னது: இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுகின்றன. ஐரோப்பா, அமெரிக்கா வயல்களில் எடுத்த அளவை நம்ம பரப்பளவால் பெருக்கி வந்த எண். 1980-களில் இப்படி விரிவாக அளந்த இடங்களில் ஒன்று, வோல்டாவின் ஏரிக்குத் தெற்கே இருக்கும் வெர்செல்லி. அந்த மண்ணும் தண்ணியும் வேற, நம்ம மண்ணும் தண்ணியும் வேற. 1991-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா தலைமையில் நம்ம விஞ்ஞானிகள் பல மாநிலங்களில் வயலில் இறங்கி அளந்தார்கள். வந்த எண் சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. உலக நாடுகள் கூடி யார் எவ்வளவு குறைக்கணும் என்று பேசப் போகிற நேரத்தில், அளக்காமல் விட்டிருந்தால் அந்தப் பழி நம்ம விவசாயி தலையில்தான் விழுந்திருக்கும்.

பாட்டிலும் போதாது. நெல் வயலில் மீத்தேனின் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை. நெல் தண்டுக்குள் இருக்கும் குழல் வழியாக, ஸ்ட்ராவில் ஏறுவது போல ஏறி வெளியே போகிறது. அதனால்தான் இன்றைக்குப் பயிரையே பெட்டியால் மூடி உள்ளே சேரும் வாயுவை அளக்கிறார்கள். வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் மீத்தேன் நன்றாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சம்.

சரி, நம்ம ஏரிக்கு வருவோம். ஐப்பசியில் நிரம்பி சித்திரையில் வெடித்துக் கிடக்கிற ஏரி, ஐரோப்பாவின் வற்றாத ஏரி மாதிரி நடந்துகொள்ளுமா? மழை தப்பிப் பெய்தால், கோடை நீண்டால், அது கார்பனைச் சேர்க்குமா, விடுமா? அந்த ஏரியில் இறங்கி அளந்தால் மட்டுமே பதில் கிடைக்கும். சென்சார் செய்ய ஈசிஇ, தரவைப் பிரிக்க சிஎஸ்இ, மதகையும் நீர்மட்டத்தையும் புரிந்துகொள்ள சிவில், எல்லாருக்கும் அதில் வேலை இருக்கு.

நீங்க வீட்ல போய், சேற்றுல மேல்படிப்பு படிக்கப் போறேன்னு சொன்னா, ஏதாவது ஒரு சித்தப்பா, கோச்சிங் சேர்ந்து அரசு வேலைக்குப் படியேன் என்பார். அவர் மேல கோபப்படாதீங்க, அக்கறையில்தான் சொல்றார். வோல்டாவோட சித்தப்பாவும் அப்படித்தான்.

அடுத்த லீவுல ஊருக்குப் போகும்போது வரப்புல நின்னு ஒரு குச்சியால சேற்றைக் குத்திப் பாருங்க. தீக்குச்சி வைக்கிற வேலை வேண்டாம், ஆழத்துலயும் தனியா இறங்க வேண்டாம். குமிழி வந்தா எத்தனைன்னு எண்ணுங்க. என்ன நேரம், தண்ணி எவ்வளவு ஆழம், வெயில் எப்படின்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. வோல்டா ஆரம்பிச்சதும் அப்படித்தான்.